ஆளுக்கு ஒரு சேவல்

மார்லோ கிரீக் மளிகைக் கடையில் இறைச்சி வெட்டுகிறவள் வெல்டா ப்ரூயிட். ஐம்பத்தேழு வயது. அகலமான தோள், தடித்த விரல்கள், முன்பல் ஒன்று இல்லை. எலும்பு அறுக்கும் வாள் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். வாள் நின்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். வான்கோழி வேட்டையைப் பற்றி எதுவாக இருந்தாலும் அவளுடைய கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து சொன்னால்தான் எங்கள் ஊர்க்காரனுக்குச் சாப்பாடு இறங்கும்.

ஏப்ரல் மாதத்தில் ஒவ்வொருத்தனும் கைபேசியை நீட்டுவான். சுட்ட வான்கோழிச் சேவலைத் தூக்கிப் பிடித்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் படம். வெல்டா ஆளைப் பார்க்கமாட்டாள், சேவலின் கால் முள்ளைத்தான் பார்ப்பாள். முள் நீளமாக வளைந்திருந்தால், "இது கிழவன்யா. நல்லா உக்காந்து ஜெயிச்சிருக்கே," என்பாள். முள் வெறும் மொட்டாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டாள், "பன்றி ஸ்டேக் எத்தனை வேணும்?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியில் சுருங்கிப்போன பெரிய மனிதர்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

அவளுக்கு வேட்டையை யாரும் சொல்லித்தரவில்லை. அப்பன் மீன் பிடிக்கிற ஆள். புருஷன் லானி தூர ஊர்களுக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். நல்ல மனிதன், ஆனால் விடியற்காலை என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் லானி ஊரில் இல்லாத ஒரு வசந்த காலத்தில், சும்மா வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த வருடம் ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த வருடமும் இல்லை. இரண்டு மூன்று வசந்தங்கள் உண்ணிக்கடியோடு திரும்பி வந்தாள். கடையில் கேலி செய்தார்கள். அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.

வசந்த கால வேட்டை என்பது துரத்துவது அல்ல. மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்து, பெட்டையைப் போலக் குரல் கொடுத்து, சேவலை வரவழைப்பது. அதற்குச் சிலர் கையடக்கமான தேவதாருப் பெட்டியின் மூடியைத் தேய்த்து அந்தக் குரலை எழுப்புவார்கள். வெல்டா வைத்திருப்பது விரல்நுனி அகலமுள்ள ஒரு ரப்பர் துண்டு. அதை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஊதவேண்டும். கடையின் குளிர் அறையில் இரும்புக் கொக்கி இடித்து முன்பல் போனதிலிருந்து அந்த இடைவெளியில் காற்று ஒழுகும். கியாவ், கியாவ் என்று இரண்டு சுத்தமாக வரும், மூன்றாவது உடைந்துபோகும். லானி புதுப்பல் கட்டிக்கொள்ளச் சொன்னான். "சேவல் ஒண்ணும் குறை சொல்லலையே, உனக்கென்ன?" என்று விட்டுவிட்டாள். உண்மைதான். அந்த உடைந்த குரலுக்கு எத்தனையோ கிழட்டுச் சேவல்கள் தோகை விரித்து வந்து நின்றிருக்கின்றன.

ஆனால் அவளுக்கு நிலம் கிடையாது. ஊர் ஓரத்தில் தகரக் கூரை வீடு, பின்னால் லானியின் பழைய வண்டிகள், அவ்வளவுதான். அவள் வேட்டைக்குப் போவது ஆர்விஸ் ஹோல்கமின் காட்டுக்கு.

ஆர்விஸுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. மாட்டுப் பண்ணைக்காரர். நீளமான ஒரு மேடு, அதன் அடியில் ஓடை, இரண்டுக்கும் நடுவே வாதுமை மரங்கள் நிறைந்த பள்ளம், எல்லாம் அவருடையது. ரொம்ப வருடம் முன்பு வெல்டா அவர் வீட்டு வலைக்கதவுக்கு முன்னால் போய் நின்று அனுமதி கேட்டாள்.

"பொம்பளைங்க காட்டுக்குப் போனா பேசிட்டே இருப்பாங்க," என்றார் ஆர்விஸ், கதவைத் திறக்காமலே.

"யார்கூடப் பேச? தனியாத்தானே போறேன். உங்ககூடப் பேசறதே வேற வழியில்லாமத்தான்."

கதவுக்கு உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. "ஓடைப் பக்கம் உனக்கு. மேடு எனக்கு. பள்ளத்துல யாரும் கால் வைக்கக்கூடாது, அங்கதான் அதுங்க தூங்குது."

அன்றிலிருந்து அப்படித்தான். எழுத்து ஒன்றும் கிடையாது. மரம் விழுந்து வேலி அறுந்தால் வெல்டா போய்க் கட்டுவாள். இலையுதிர் காலத்தில் அவருடைய காளையை வெட்டிப் பொட்டலம் போட்டுக் கொடுப்பாள். இங்கே ஒருவனுக்கு அடுத்தவன் காட்டில் அனுமதி கிடைத்தால் அது தாலி மாதிரி, பத்திரமாகப் பார்த்துக்கொள்வான். போய்விட்டால் இன்னொன்று கிடைக்காது. மீதியுள்ள நல்ல காடெல்லாம் வெளியூர்க்காரர்கள் குத்தகைக்கு எடுத்துக் கம்பி போட்டுவிட்டார்கள். அரசாங்கக் காட்டில் மரத்துக்கு ஒருத்தன் உட்கார்ந்திருப்பான்.

எங்கள் ஊர் வேட்டைக்காரர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எங்கே என்ன கேட்டது என்று ஒருத்தன் இன்னொருத்தனிடம் சொல்லமாட்டான். பெண்டாட்டி எங்கே போனாள் என்று கேட்டால் சொல்வான், சேவல் எங்கே கத்தியது என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பான். ஒரே காட்டில் வேட்டையாடுகிற ஆர்விஸும் வெல்டாவும்கூட அப்படித்தான்.

"ஏதாவது கேட்டுச்சா?" என்பார் ஆர்விஸ், கண்ணாடிப் பெட்டியில் சாய்ந்துகொண்டு.

"ஒண்ணுமில்ல. உங்களுக்கு?"

"ம்ஹூம்."

இருவரும் பொய் சொல்கிறார்கள் என்று இருவருக்கும் தெரியும். அதில் கோபப்பட ஒன்றும் இல்லை.

ஒரு வருட வசந்தத்தில் வெல்டாவுக்கு உண்மையாகவே ஏறக்குறைய ஒன்றும் கேட்கவில்லை. முன்பெல்லாம் விடியும்முன் ஆந்தை ஒரு தடவை அலறினால் போதும், மேட்டிலிருந்தும் பள்ளத்திலிருந்தும் சேவல்கள் கொளகொளவென்று ஆத்திரத்தோடு பதில் சொல்லும். அந்த வருடம் ஆந்தை அலறிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அதுவே வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டது மாதிரி இருந்தது. சீசன் திறந்த அன்று மேட்டில் ஒரு சேவல் கத்தியது. ஆர்விஸ் அதைச் சுட்டார். அதன்பிறகு அமைதி.

ஒரே ஒரு பெட்டை மட்டும் இருந்தது. பள்ளத்துப் பக்கமிருந்து அதன் குரல் வரும். மகா சிடுமூஞ்சி. வெல்டா வாயைத் திறந்து முடிப்பதற்குள் குறுக்கே புகுந்து கத்தும். இவள் இரண்டு சொன்னால் அது நான்கு சொல்லும். இப்படிப்பட்ட பெட்டையை எப்படிக் கையாள்வது என்று வெல்டாவுக்குத் தெரியும். சண்டைக்கு இழுக்கவேண்டும். கோபத்தில் அது கிளம்பி வரும், பின்னால் எந்தச் சேவலாவது வரும். அதனால் இவளும் விடாமல் திட்டினாள். கடைக்குக் கிளம்பும் நேரம் வரைக்கும் தினமும் திட்டினாள். பெட்டை வரவில்லை. சேவலும் வரவில்லை. சீசன் முடிந்து துப்பாக்கியைத் துடைத்து வைத்தபோது அவளுக்கு நினைப்பெல்லாம் அந்தப் பெட்டைமீதுதான். துணைக்குச் சேவல் இல்லாமல் பள்ளத்தில் தனியாக உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறதே என்று.

குளிர் காலத்தில் செய்தி வந்தது. மாநில வனவிலங்குத் துறை விதியை மாற்ற யோசிக்கிறது. சீசன் ஒரு வாரம் தள்ளித் திறக்கும், பெட்டைகள் முட்டைக்கு உட்காரும்வரை சேவலை விட்டுவைக்க. இதுவரை ஆளுக்கு இரண்டு சேவல் சுடலாம், இனிமேல் ஒன்றுதான். ஊர் ஊராகக் கூட்டம் போட்டு மக்களிடம் கேட்பார்களாம்.

அவ்வளவுதான், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஊரே கூடிவிட்டது.

"ராக்கூன் வருஷம் பூரா முட்டை திங்குது, அதுக்கு யாரு தேதி போடறது?" என்றான் டூயி மேப்ரி. முடி வெட்டுகிறவன். அவன் கடையில் ஆள் இல்லாதபோது இங்கேதான் இருப்பான், அவன் கடையில் பெரும்பாலும் ஆள் இருக்காது.

"நீ பொறி வச்சுப் பிடியேன், டூயி," என்றாள் வெல்டா.

"தோலை எவன் வாங்கறான்? தொப்பி தைச்சு உனக்குத்தான் போடணும்."

"உன் கையால முடி வெட்டினவனுக்கெல்லாம் குடு. அவங்களுக்குத்தான் தொப்பி வேணும்."

ஆர்விஸ் சிரிக்கவில்லை. எல்லோரும் போகும்வரை நின்றார். பிறகு கேட்டார்.

"நீ எந்தப் பக்கம்?"

வெல்டா கத்தியைத் துடைத்தாள். "தள்ளித் திறக்கணும். ஒண்ணு போதும்."

"கூட்டத்துல சொல்லப்போறியா?"

"கேட்டாச் சொல்வேன். கேக்கத்தானே கூட்டம்."

"என் பசங்க ரெண்டு பேரும் வெளியூர். வருஷத்துல ஒரே தடவை வரானுங்க, முதல் வாரம். அதுவும் என் மூஞ்சியைப் பாக்க இல்ல, சேவலுக்கு. ரெண்டு சேவல்னா நாலு நாள் தங்குவானுங்க. ஒண்ணுன்னா மத்தியானமே வண்டியை எடுத்துருவானுங்க. தேதியையும் மாத்திட்டா லீவே கிடைக்காது." அவர் குரலைத் தாழ்த்தினார். "என் காட்டுல உக்காந்துட்டு என் பசங்க வரவை நீ நிறுத்தப் பாத்தா, வேற கேட் தேடிக்க, வெல்டா. அவ்ளோதான் சொல்வேன்."

"சரி," என்றாள் வெல்டா. "எலும்பை நாய்க்கு எடுத்துட்டுப் போறீங்களா?"

எடுத்துக்கொண்டுதான் போனார்.

அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. லானி ஊரில் இருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு கூட்டத்துக்கு வாயைத் திறக்காம இருந்தா என்ன? நீ பேசலேன்னா சட்டம் நின்னுடுமா?" என்றான்.

"நிக்காது."

"பேசினா?"

"பேசினாலும் ஒண்ணும் ஆகாது."

"அப்புறம் என்னத்துக்கு?"

வெல்டா தொடாத தட்டை எடுத்து மூடி வைத்தாள். அந்தக் காட்டை விட்டால் அவளுக்கு வேறு காடு இல்லை. அது லானிக்கும் தெரியும். பள்ளத்தில் ஒரு பெட்டை இருக்கிறது என்று புருஷனிடம்கூட அவள் சொல்லவில்லை. பழக்கம் அப்படி.

கூட்டம் தீயணைப்பு நிலையத்தில். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பின்னால் மேசையில் காப்பியும் ஆப்பிள் பலகாரமும். துறையிலிருந்து மேரன் லிண்ட்ஸ்ட்ரம் என்ற பெண் வந்திருந்தாள். திட்டு வாங்கிப் பழகிய முகம். சுவரில் படம் போட்டுக் காட்டினாள். குஞ்சுகளோடு தென்படுகிற பெட்டைகள் குறைந்துகொண்டே வருகின்றன என்றாள். காரணம் இது ஒன்றுதான் என்று தன்னால் சொல்ல முடியாது, மழை, காட்டு மாற்றம், முட்டை தின்னும் பிராணிகள் எல்லாமே இருக்கலாம், வேட்டை ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது என்று நேர்மையாகவே சொன்னாள்.

"சொல்ல முடியாதுன்னா எதுக்கு வந்தீங்க?" என்று டூயி கத்தினான்.

"உங்ககிட்டக் கேக்க," என்றாள் அவள். "நீங்க தினமும் காட்டுல இருக்கீங்க."

ஆர்விஸ் எழுந்து மைக்குக்கு வந்தார். சுத்தமாகச் சவரம் செய்து, சர்ச்சுக்குப் போடும் கோட்டில் வந்திருந்தார்.

"ஒரு வாரம் தள்ளினா இலை விட்டுரும். இலை விட்டப்புறம் காட்டுல உண்ணிதான் கிடைக்கும்," என்று தொடங்கினார். சபை தலையாட்டியது. பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். அதற்கும் தலையாட்டியது, எல்லோருக்கும் வெளியூரில் பிள்ளை உண்டு. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பறவை இல்லைங்கறாங்க. நான் இதைச் சொல்லக்கூடாது. சொன்னா நாளைக்கு நீங்க எல்லாரும் என் வேலியில நிப்பீங்க. ஆனாலும் சொல்றேன்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லோரும் முன்னால் குனிந்தார்கள்.

"என் பள்ளத்துல ஒரு பெட்டை இருக்கு. போன வசந்தம் பூரா, தினமும் காலைல. அந்த மாதிரி திமிர் பிடிச்ச பெட்டையை என் ஆயுசுல பாத்ததில்ல. நான் ஒண்ணு சொன்னா அது ரெண்டு சொல்லும். கிழவி, தொண்டை கெட்டுப்போன கிழவி. இப்படி." ஆர்விஸ் உதட்டைக் குவித்தார். "கியாவ், கியாவ், க்ர்ராக். மூணாவது மட்டும் உடையும். பெட்டை இருந்தா சேவல் இருக்கும். நானும் விடல. இப்படித்தான் பதில் குடுத்தேன்." கோட்டுப் பையிலிருந்து தேவதாருப் பெட்டியை எடுத்து மூடியைத் தேய்த்தார். வேகமாக, சிடுசிடுப்பாக, நான்கு தடவை.

மூன்றாவது வரிசையில் லானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெல்டா அந்தக் குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

அது அவளுடைய சிடுமூஞ்சிப் பெட்டை. ஒரு மாதம் அவள் காலைதோறும் சண்டை போட்ட குரல். அந்தப் பள்ளம் குரலைச் சுழற்றும், எங்கிருந்து வருகிறது என்று தெரியவிடாது. இவள் ஓடைப் பக்கம் உட்கார்ந்து அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் மேட்டில் உட்கார்ந்து இவளைக் கூப்பிட்டிருக்கிறார். நடுவில் பள்ளம் காலி.

"வெல்டா ப்ரூயிட்," என்று லிண்ட்ஸ்ட்ரம் பெயரை வாசித்தாள்.

எழுந்து போகிற தூரத்தில் வெல்டா ஒன்றை முடிவு செய்தாள். சட்டத்தைப் பற்றிப் பேசுவது, பெட்டையைப் பற்றிப் பேசாமல் விடுவது. இத்தனை பேர் முன்னால் அந்த மனிதரைக் கோமாளியாக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"நான் இறைச்சி வெட்டறவ, பேசறவ இல்ல," என்றாள் மைக்கில். "தள்ளித் திறக்கலாம்னு நினைக்கிறேன். ஆளுக்கு ஒரு சேவல் போதும். ரெண்டாவது சேவலைச் சுட்டு யாரும் வயித்துப் பசியை ஆத்தல. போன வருஷம் முதல் நாளுக்கு அப்புறம் நான் ஒண்ணும் கேக்கல. அதனால சொல்றேன். அவ்வளவுதான்."

"ஒண்ணும் கேக்கலியா?" ஆர்விஸ் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். காது சிவந்திருந்தது. "என் காட்டுலதானே உக்காந்திருந்தே? அந்தப் பெட்டை உனக்குக் கேக்கலியா? செவிடா நீ?"

"ஆர்விஸ், வெளிய வாங்க. காப்பி குடிச்சிட்டே சொல்றேன்."

"எதா இருந்தாலும் இங்கயே சொல்லு. என்னைப் பொய்க்காரன்கறியா?"

"இல்ல. நீங்க கேட்டது நிஜம்."

"அப்ப அது என்ன?"

"ஆர்விஸ், வேணாம்."

"சொல்லு!"

ரப்பர் துண்டு சிறிய தகர டப்பாவில் வருடம் முழுக்க அவளுடைய சட்டைப் பையில்தான் இருக்கும். எடுத்தாள். மேலண்ணத்தில் ஒட்டினாள். மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊதினாள்.

கியாவ். கியாவ். க்ர்ராக்.

தீயணைப்பு நிலையத்தின் இரும்புக் கூரையில் அது பட்டுத் திரும்பியது. ஆர்விஸின் வாய் திறந்தது, மூடவில்லை. அவருடைய கை தானாகப் பெட்டிமீது போய், பாதி வழியில் நின்றது.

முதலில் புரிந்துகொண்டவன் டூயி. "அட கடவுளே. ஒரு சீசன் பூரா ரெண்டு பேரும் சண்டை போட்டிருக்கீங்க! லானி, உன் பொண்டாட்டியைக் கவனிய்யா!"

சபை வெடித்தது. ஒருத்தன் வாயிலிருந்த பலகாரத்தைத் துப்பினான். தரையைக் காலால் உதைத்துச் சிரித்தார்கள். லிண்ட்ஸ்ட்ரம்கூடக் காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஆர்விஸ் அசையவில்லை. வெல்டா ரப்பரை வாயிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். சிரிப்பு ஓய நேரமாயிற்று.

"அவர் மட்டும் ஏமாறல," என்றாள். "நானும்தான். என் காதுக்கும் ஒரு பெட்டை கேட்டுச்சு. நல்லா சிடுசிடுன்னு ஒண்ணு. பாவம், தனியா இருக்கேன்னு நினைச்சேன். அந்த ஒரு பெட்டைக்காகப் பேசத்தான் நான் இன்னிக்கு வந்தேன். அது ஆர்விஸ்."

இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அவர் வந்தது இன்னொரு பெட்டையை நம்பி. அது நான். இப்ப சொல்லுங்க, அந்தப் பள்ளத்துல என்ன இருக்கு?"

காப்பி இயந்திரம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"நாம யாரும் யார்கிட்டயும் சொல்றதில்ல. சொல்லியிருந்தா நானும் அவரும் முதல் வாரமே சிரிச்சிருப்போம். உங்க காட்டுலயும் யாரு பேசறாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அவ்வளவுதான்."

இறங்கி வந்து உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த பிறகு நடந்ததை எங்கள் ஊரில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. கடைசி வரிசையில் ஒருத்தன் பக்கத்திலிருந்த மச்சானிடம், "நீ பழைய மில் ரோட்டுல எந்தப் பக்கம் உக்காருவே?" என்று மெதுவாகக் கேட்டான். மச்சான் வானத்தைப் பார்க்கவில்லை. சொன்னான். கேட்டவன் முகம் விழுந்துவிட்டது, அவன் பெட்டை என்று நினைத்த குரலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. பிறகு இன்னொருத்தன், இன்னொருத்தன். ஓடை வளைவு, குவாரிக்குப் பின்னால், சர்ச் மேய்ச்சல் நிலம் என்று தகப்பனுக்கும் சொல்லாத இடங்களெல்லாம் வெளியே வந்தன. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்த்தபோது ஊரில் இருக்கும் பறவைகளின் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே போயிற்று. லிண்ட்ஸ்ட்ரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கை தூக்கச் சொன்னபோது பாதிக்கு மேல் தூக்கினார்கள். டூயிகூடத் தூக்கினான். ஆர்விஸின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை கடை திறந்ததும் அவர்தான் முதல் ஆள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று பன்றி ஸ்டேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுல சங்கிலி போட்டுட்டேன்," என்றார்.

வெல்டா இதை எதிர்பார்த்திருந்தாள். இருந்தாலும் அடி விழத்தான் செய்தது. "உங்க காடு," என்றாள்.

"உனக்கு மட்டும் இல்ல. எனக்கும். பசங்களுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். இறகு முளைச்சது ஒண்ணு கத்தற வரைக்கும் அந்தக் காட்டுக்குள்ள யாரும் போகக்கூடாது."

வெல்டா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நான் ஆளுக்கு ஒண்ணுன்னுதான் கேட்டேன், ஆர்விஸ். சுத்தமா நிறுத்தச் சொல்லல."

"தெரியும். இது உன் சட்டம் இல்ல, என் சட்டம்." அவர் விரலால் கண்ணாடியைத் தட்டினார். "அதை ரெண்டு போடு. கொழுப்புள்ளதா. அப்புறம், தொண்டை கெட்ட கிழவின்னு சொன்னது..."

"சிடுசிடுன்னு நானும் சொன்னேனே."

"ஆமா, சொன்னே," என்றார். காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வசந்தம் பழைய விதிப்படியே கழிந்தது, ஆர்விஸின் கேட் பூட்டியே இருந்தது. கோடைக்கு முன்பே துறை முடிவை அறிவித்தது. ஒரு வாரம் தள்ளி, ஆளுக்கு ஒரு சேவல். எங்கள் ஊர்க் கூட்டத்தால்தான் என்று சொல்ல முடியாது, மாநிலம் முழுக்க எத்தனையோ கூட்டம் நடந்தது. திட்டினவர்கள் திட்டினார்கள். பேசி வாங்கிய அந்த ஒரு சேவலைச் சுட வெல்டாவுக்குத்தான் காடு இல்லாமல் போயிற்று. அரசாங்கக் காட்டுக்குப் போகலாமே என்று டூயி சொன்னான். "அங்க நான் குரல் கொடுத்தா டவுன்காரன் எவனாவது சுட்டுருவான்," என்றாள். அதற்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. கூட்டத்தில் பேசியது தப்போ என்று ஒரு தடவைகூட அவள் வாயிலிருந்து வரவில்லை. வேலியில் மரம் விழுந்தபோது, உள்ளே போக உரிமை இல்லாத அந்த வேலியை, வெளிப்பக்கமாக நின்றே இழுத்துக் கட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த வசந்தத்தில், புதுத் தேதிப்படி சீசன் திறந்த காலை, அவளால் படுக்கையில் இருக்க முடியவில்லை. துப்பாக்கியை எடுக்கவில்லை. ஆர்விஸின் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். உள்ளே, சங்கிலிக்கு அந்தப் பக்கம், ஆர்விஸ் நின்றுகொண்டிருந்தார். கையில் காப்பிக் குவளை.

"பெரியவன் வந்திருக்கான்," என்றார், ஏதோ பாதியில் விட்ட பேச்சைத் தொடர்வதுபோல. "சேவல் கிடையாதுன்னு சொல்லியும் வந்துட்டான். தூங்கறான்."

"தூங்கட்டும்."

கிழக்கு வெளுத்தது. ஓக் மரங்களில் இலை விட்டிருந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஆந்தை ஒன்று அலறியது. இருவரும் மூச்சைப் பிடித்தார்கள்.

கொளகொளகொள.

தூரத்தில், மெலிதாக. ஆர்விஸ் குவளையைத் தாழ்த்தினார். "டூயி," என்றார் கிசுகிசுப்பாக. "என்னைக் கேலி பண்ண வந்திருப்பான்."

"டூயி இந்நேரத்துக்கு எழுந்து நான் பாத்ததே இல்ல."

மறுபடி ஒன்று. இந்தத் தடவை நீளமாக, முடிவில் ஓர் ஆத்திரத்தோடு. ஆர்விஸின் கை கோட்டுப் பைக்குள் போயிற்று.

"வேணாம், ஆர்விஸ்."

"ஒரே ஒரு தடவை. நிஜமான்னு பாக்க."

"அது பதில் சொன்னா அதை ஏமாத்திட்டீங்கன்னு அர்த்தம். சொல்லலேன்னா காலை பூரா உங்களுக்கு மனசு கெட்டுப்போகும். விடுங்க, அதுவா பேசட்டும்."

கை வெறுமையாக வெளியே வந்தது. அவர் குவளையை வேலிக் கம்பிக்கு மேலே நீட்டினார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வெயில் மரங்களின் உச்சியைத் தொட்டது. சேவல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

மளிகைக் கடையில் முதல் வாடிக்கையாளர் கண்ணாடிப் பெட்டியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இறைச்சி வாங்காமலே திரும்பிப் போனார். வெல்டா இன்னும் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.